வலியால் வாடும் பிள்ளையும் வலுவிழக்கும் பெற்றோரும்

(கோட்டூர்புரத்தில் ஆற்றப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

  

  

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்து சென்ற பின்னும் ஒரு தந்தை மட்டும் தூணருகே அமர்ந்திருந்தார். அருகில் சென்றேன். "ஹஜ்ரத், என் மகனுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். இரவில் கால் தசைகள் இறுகி வலிக்கும்போது அலறுகிறான். அவனுடைய தாய் நிம்மதியாக உறங்கிப் பல மாதங்கள் ஆகின்றன. சில இரவுகளில் அவன் குரல் காதில் விழுந்தும் விழாதவன் போலப் படுத்துக் கிடக்கிறேன். நான் பாவியா ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

"ஸப்ர் செய்யுங்கள், அல்லாஹ் கூலி தருவான்" என்றேன். சொன்ன சொல்லில் பிழையில்லை. ஆனால் அவர் தலைகவிழ்ந்து, "சரிங்க ஹஜ்ரத்" என்று மட்டும் கூறி எழுந்து போனார். அதன்பின் பல வாரங்கள் அவரைப் பள்ளியில் காணவில்லை. பசியோடு வந்தவரிடம் உணவின் சிறப்பைப் பேசி, வெறுங்கையோடு அனுப்பியவனாகிவிட்டேன் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்று அவருக்குச் சொல்லத் தவறியதையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நீங்காத வலி

விழுந்தால் வலிக்கும்; காயம் ஆறினால் வலி போய்விடும். ஆனால் மூன்று மாதங்களுக்கு மேலாக நீடிக்கும், அல்லது போய்ப் போய்த் திரும்பி வரும் வலியை மருத்துவர்கள் நாட்பட்ட வலி என்கின்றனர். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குத் தசை இறுக்கத்தாலும் இடுப்பு மூட்டு விலகுவதாலும் வலி வருகிறது. ஹீமோஃபிலியா உள்ள பிள்ளைக்கு மூட்டுக்குள் இரத்தம் கசிந்து வலி வருகிறது. மூட்டுவாதம் முதியோர் நோய் என்று எண்ணுகிறோம். அது பிள்ளைகளுக்கும் வருகிறது. இவை தவிர, எந்தப் பரிசோதனையிலும் குறை தென்படாமல், வயிற்றுவலியாலும் தலைவலியாலும் மாதக்கணக்கில் துன்புறும் பிள்ளைகளும் உள்ளனர்.

இவ்விடத்தில்தான் நாம் பெரும் அநீதி இழைக்கிறோம். "ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஸ்கூலுக்குப் போகாமலிருக்க நடிக்கிறான்" என்று கூசாமல் கூறிவிடுகிறோம். கைக்குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் எண்ணியிருந்தது. போதிய வலிநீக்க மருந்தின்றிப் பச்சிளங்குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த காலம் அது. குறைமாதக் குழந்தைகளுக்கும் வலி உண்டு, அதைத் தணித்தால் அவர்கள் நன்கு தேறுவர் என்று 1987இல் ஆய்வின் மூலம் எடுத்துக்காட்டியவர்களுள் முதன்மையானவர் இந்திய வம்சாவளி மருத்துவரான கன்வல்ஜித் ஆனந்த். மருத்துவர்களே தம் கருத்தைத் திருத்திக்கொண்டனர். எனில், பிள்ளை "வலிக்கிறது" என்று சொன்னால் முதலில் நம்புவதற்கு நமக்கென்ன தயக்கம்?

1965இல் மெல்சாக், வால் என்னும் இரு அறிஞர்கள் ஒரு விளக்கம் தந்தனர். உடலிலிருந்து மூளைக்குச் செல்லும் வலிச் செய்தி தண்டுவடத்தில் ஒரு வாயிலைக் கடந்து செல்வது போன்றது. அச்சமும் கவலையும் அவ்வாயிலை அகலத் திறக்கின்றன. அமைதியும், கவனம் வேறு பக்கம் திரும்புவதும் அதைச் சற்றே சாத்துகின்றன என்பது அதன் சாரம். அதன் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும், வலியை மனமும் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது என்னும் அடிப்படை நிலைத்து நிற்கிறது. மனம் கூட்டுகிறது என்பதால் அது பொய்வலி ஆகிவிடாது. மெய்யான வலிதான், அதைத் தணிக்க மாத்திரையைத் தவிர வேறு வழிகளும் உண்டு என்பதே பொருள்.

நோயுறுவோர் இருவர்

அந்தப் பிள்ளையின் அச்சத்தை ஆற்ற வேண்டியவர் யார்? தாயும் தந்தையும். அவர்களே உறக்கமிழந்து, அச்சத்தில் நடுங்கிக்கொண்டிருந்தால் பிள்ளை யார் முகத்தைப் பார்த்து அமைதி அடையும்? தாயின் முகமே பிள்ளையின் கண்ணாடி.

உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு பிள்ளைகளின் நாட்பட்ட வலிக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மருந்து, உடற்பயிற்சி சார்ந்த சிகிச்சை, மனநலச் சிகிச்சை ஆகிய மூன்றையும் பிள்ளையின் தேவைக்கேற்ப அது எடுத்துரைக்கிறது. குடும்பத்தை விட்டுவிட்டுப் பிள்ளைக்கு மட்டும் சிகிச்சை அளிப்பது போதாது என்பதையும் வலியுறுத்துகிறது. ஆகவே பெற்றோருக்குத் தரும் மன ஆதரவு பிள்ளையின் மருந்துச் சீட்டில் எழுதப்பட வேண்டிய ஒரு மருந்தாகும்.

ஆனால் சென்னையில் நிலைமை என்ன? "ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள்" என்று சொன்னால், "என்னைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பப் பார்க்கிறீர்களா?" என்று கோபிக்கிறார்கள். ஒரு மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரையே ஏளனச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அந்த ஏளனத்திற்கு அஞ்சியே எத்தனையோ தாய்மார்கள் நள்ளிரவில் சமையலறையில் தனியே அழுது, காலையில் முகம் கழுவிக்கொண்டு வெளியே வருகிறார்கள்.

யஃகூப் நபியின் கண்ணீர்

"உதவி தேடுவது ஸப்ருக்கு மாறானதல்லவா?" என்று சிலர் எண்ணலாம். மகனைப் பிரிந்து துன்புற்ற ஒரு தந்தையின் வரலாற்றை யூஸுஃப் அத்தியாயம் நமக்குக் கூறுகிறது. யஃகூப் (அலை) அவர்கள் அழகிய பொறுமையை மேற்கொண்டவர்கள் என்பதை நாம் அறிவோம். அவர்களே கண்கள் வெளுத்துப்போகும் அளவிற்குத் துயருற்றார்கள். "இப்படியே அழிந்துபோவீர்களா?" என்று பிள்ளைகள் கடிந்துகொண்டபோதும் தம் துயரத்தை மறைக்கவில்லை, அதை இறைவனிடம் முறையிட்டார்கள். அத்தோடும் நிற்கவில்லை. யூஸுஃபையும் அவருடைய சகோதரரையும் தேடுமாறு பிள்ளைகளை அனுப்பினார்கள். நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றும் கூறினார்கள்.

சகோதரர்களே! கண்ணீர், முறையீடு, முயற்சி ஆகிய மூன்றும் ஒரே நபியின் பொறுமைக்குள் அடங்கியிருப்பதைப் பாருங்கள். அழுதால் ஈமான் குறைந்துவிடும் என்றால், யஃகூப் (அலை) அவர்களின் கண்ணீரை என்னவென்பது? எல்லா வழிகளையும் கைவிட்டுச் சும்மா இருப்பதுதான் ஸப்ர் என்றால், பிள்ளைகளை ஏன் தேட அனுப்பினார்கள்? மருத்துவரிடம் செல்வதும், மனநல ஆலோசகரிடம் மனம் திறப்பதும் அந்தத் தேடலைச் சேர்ந்தவையே.

நம் முன்னோரும் இதை அறிந்திருந்தனர். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பிறந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் பேரறிஞர் உடல் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் எழுதினார். உடல் நோயுறும்போது உள்ளமும், உள்ளம் நோயுறும்போது உடலும் பாதிக்கப்படும் என்று விளக்கினார். திடீர் நோய்க்கென வீட்டில் மருந்து வைத்திருப்பதைப் போல, மனம் அமைதியாக இருக்கும் வேளையில் நல்ல எண்ணங்களைச் சேமித்து வைத்து, துயர் தாக்கும்போது அவற்றை எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்பது அவருடைய அறிவுரை. உள்ளத்திற்கு மருத்துவம் என்பது மேல்நாட்டிலிருந்து நேற்று வந்த நாகரிகம் அன்று. நம் முன்னோர் விட்டுச்சென்ற சொத்து.

நம் தெருவிலேயே ஓர் எடுத்துக்காட்டு

இந்தக் கோட்டூர்புரத்திலேயே வித்யா சாகர் என்னும் நிறுவனம் இருப்பதை உங்களில் பலர் அறிவீர்கள். 1985ஆம் ஆண்டு மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்காக அது தொடங்கப்பட்டது. தொடங்கியவர் பூனம் நடராஜன். கடும் ஊனத்தோடு பிறந்த மகனைப் பெற்ற தாய் அவர். தம் பிள்ளைக்காகத் தேடிக் கற்றதைப் பிறர் பிள்ளைகளுக்கும் உரியதாக்கினார். பின்னாளில் ஊனமுற்றோருக்கான தேசிய அறக்கட்டளையின் தலைவராகவும் பணியாற்றினார்.

அந்நிறுவனத்தின் அணுகுமுறையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பிள்ளையை வாசலில் விட்டுவிட்டுப் பெற்றோர் திரும்பிப் போகும் இடமாக அது அமையவில்லை. பெற்றோரும் கற்கிறார்கள், பிள்ளையை எப்படி அமர்த்துவது, எப்படித் தூக்குவது, எப்படி ஊட்டுவது என்பவற்றை வீட்டில் தொடரப் பழகுகிறார்கள். அவ்வாறு கூடும் இடத்தில் ஒரு தாய் இன்னொரு தாயைக் காண்கிறாள். "எனக்கு மட்டும் ஏன்?" என்ற கேள்வி அங்கே "உங்களுக்குமா?" என்று மாறுகிறது. எந்த மருந்தும் தராத ஆறுதல் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அடையாற்றின் இக்கரையில் நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் இப்பணியிலிருந்து நம் ஜமாஅத்துகள் கற்க வேண்டியது நிறைய உள்ளது.

பெற்றோரே, உங்களுக்குச் சில சொற்கள்

முதலாவது: இது உங்கள் பாவத்தின் தண்டனை என்று யாரேனும் சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஒருவருடைய வினைச் சுமையை மற்றவர் தோளில் ஏற்றுவது நம் மார்க்கத்தின் நீதி அன்று. பருவமடையாப் பிள்ளையின் மீது குற்றப்பதிவே கிடையாது. சோதனை வேறு, தண்டனை வேறு.

இரண்டாவது: பேச இயலாத பிள்ளையின் வலியையும் அளந்து பார்க்க முடியும். முகம், கால்கள், உடல் அசைவு, அழுகை, ஆற்றினால் அடங்குகிறதா என்னும் ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் இடுவது மருத்துவமனைகளில் வழக்கம், மொத்தம் 10. மருத்துவரிடம் கேட்டு இதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள், நேரம், மதிப்பெண், கொடுத்த மருந்து ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். "ராத்திரி பூரா கஷ்டப்பட்டான் டாக்டர்" என்பதைவிட அந்த நோட்டு தெளிவாகப் பேசும். உங்கள் மனத்தின் கலக்கத்தையும் அது சற்றுக் குறைக்கும்.

மூன்றாவது: நாட்பட்ட வலியுள்ள பிள்ளையிடம் ஐந்து நிமிடத்திற்கொரு முறை "வலிக்குதாம்மா? எங்கே வலிக்குது?" என்று கேட்பது அன்பினால்தான். ஆயினும் பிள்ளையின் கவனம் முழுவதும் வலியின் மீதே குவிந்துவிடுகிறது. அடிக்கடி வயிற்றுவலி வரும் பிள்ளைகளிடம் 2006இல் வெளியான ஓர் ஆய்வு, பெற்றோர் வலியைப் பற்றியே பேசியபோது பிள்ளையின் முறையீடு கூடியதையும், பேச்சை வேறு பக்கம் திருப்பியபோது குறைந்ததையும் காட்டியது. வலியை நம்புங்கள், மருந்தைத் தவறாது கொடுங்கள், அதன்பின் கதை சொல்லுங்கள், விளையாடுங்கள், மெல்ல மூச்சை இழுத்துவிடப் பழக்குங்கள். புதிதாக வலி தோன்றினாலோ திடீரெனக் கூடினாலோ தாமதமின்றி மருத்துவரிடம் செல்லுங்கள்.

நான்காவது: கவலைகள் மலைபோல் குவிந்திருக்கும்போது ஒன்றை மட்டும் எடுங்கள். "இந்த வாரம் நான் தீர்க்க விரும்பும் ஒரு சிக்கல் எது? அதற்கு என்னென்ன வழிகள்? முதலில் எதைச் செய்து பார்ப்பது?" என்று தாளில் எழுதுங்கள். நாட்பட்ட நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு இவ்வாறு சிக்கல் தீர்க்கும் பயிற்சி அளித்தபோது அவர்களின் மனநலம் மேம்பட்டதாக ஆய்வுகள் கூறுகின்றன. இரவுக் காவலைத் தாயும் தந்தையும் முறைவைத்துப் பகிர்வதே பல வீடுகளில் முதல் தீர்வாக அமையும்.

ஐந்தாவது: துஆவும் மருந்தும் ஒன்றோடொன்று போட்டியிடுபவை அல்ல. மருந்தை நிறுத்திவிட்டுத் தாயத்து கட்டுமாறு சொல்பவர்களிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்றுங்கள். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு வழிகாட்டியவர்கள் நபி (ஸல்) அவர்களே.

ஆறாவது, இதைத் தயங்காமல் சொல்கிறேன். "நானும் இந்தப் பிள்ளையும் இல்லாமற் போனால் என்ன?" என்ற எண்ணம் எப்போதேனும் தலைதூக்கினால், அதை உள்ளே பூட்டி வைக்காதீர்கள். அது மிகக் களைத்துப்போன மனத்தின் அபாய மணி. அந்நேரமே ஒருவரை எழுப்புங்கள், ஒருவரிடம் சொல்லுங்கள். 2022இல் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

தந்தையரே!

இந்த ஸஃப்புகளில் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் ஆண்கள். மகனின் வலியைக் காணச் சகிக்காமல் கடையிலும் அலுவலகத்திலும் நேரத்தைக் கழித்துவிட்டு இரவு பத்து மணிக்கு வீடு திரும்புவோர் நம்மில் உள்ளனர். கேட்டால், "செலவுக்குச் சம்பாதிக்க வேண்டாமா?" என்போம். வேண்டும்தான். ஆனால் பத்ருப் போரை நினைத்துப் பாருங்கள். இஸ்லாத்தின் முதல் பெரும் போர். ஒவ்வொரு வீரரும் தேவைப்பட்ட நேரம். அந்நேரத்தில் உஸ்மான் (ரலி) அவர்கள் நோயுற்ற மனைவி ருகையா (ரலி) அவர்களைக் கவனிப்பதற்காக மதீனாவில் தங்கினார்கள். போரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும் பங்கும் அவர்களுக்கும் உண்டென நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். நோயாளியின் படுக்கையருகே இருப்பது பத்ருக் களத்தில் நிற்பதற்கு நிகராக மதிக்கப்பட்டது என்றால், உங்கள் மகனின் கட்டிலருகே நீங்கள் கழிக்கும் ஓர் இரவை அற்பமாக எண்ணாதீர்கள்.

ஜமாஅத்தாரே!

நபி (ஸல்) அவர்கள் நீண்ட நேரம் தொழுவிக்க நாடியிருந்தும், பின்னால் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள்; அக்குழந்தையின் தாய் படும் வேதனையை எண்ணியே அவ்வாறு செய்தார்கள். ஒரு தாயின் மனவேதனைக்காக ஒரு ஜமாஅத் முழுவதும் தன் தொழுகையைச் சுருக்கிக்கொண்டது. நாம் எதைச் சுருக்கிக்கொண்டிருக்கிறோம்?

அத்தகைய வீட்டிற்குச் சென்றால், "யார் வழியில் வந்தது?", "கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டாய்?", "இன்னும் சரியாகவில்லையா?" என்று கேட்பதைச் சுருக்குங்கள். "இதைவிடக் கஷ்டப்படுவோர் உண்டு" என்று ஒப்பிடுவதைச் சுருக்குங்கள். அதற்குப் பதிலாக, "செவ்வாய்க்கிழமை அஸருக்குப் பின் இரண்டு மணி நேரம் நான் பிள்ளையருகே இருக்கிறேன், நீங்கள் உறங்குங்கள்" என்று நாளும் நேரமும் குறித்துச் சொல்லுங்கள். மருத்துவமனைக்கு ஆட்டோ பிடித்துத் துணைக்குச் செல்லுங்கள். அவ்வீட்டின் மற்றப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வாருங்கள். அவர்களும் கவனிப்பாரற்றுப் போகிறார்கள். பள்ளிவாசல் நிர்வாகிகள் சக்கர நாற்காலி ஏறிவரச் சாய்தளம் அமைக்கட்டும். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டுத் திட்டம் மூளை முடக்குவாதம் உள்ளிட்ட சில ஊனங்கள் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உதவுகிறது. படித்த இளைஞர்கள் அந்த விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்து கொடுத்தாலே அது பெரிய ஸதகாவாகும்.

தொடக்கத்தில் கூறிய அந்தத் தந்தையைப் பின்னர் நானே தேடிச் சென்றேன். "அன்று உங்களுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை, மன்னியுங்கள்" என்றேன். அவர் எதுவும் கேட்கவில்லை. "ஹஜ்ரத், கொஞ்ச நேரம் இவன்கிட்ட உட்கார்ந்திருக்கீங்களா? நானும் இவனோட அம்மாவும் சேர்ந்து டாக்டரைப் பார்த்து எங்க தூக்கத்தைப் பற்றிப் பேசணும்" என்றார். உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளை என் தாடியைப் பிடித்து இழுத்துச் சிரித்தான். நான் ஆற்றிய எந்தக் குத்பாவும் அந்த வீட்டிற்கு அந்த ஒன்றரை மணி நேரம் தந்ததைத் தந்திருக்காது.

"நான் பாவியா?" என்ற அவருடைய கேள்விக்கு இன்று பதில் சொல்கிறேன்: இல்லை சகோதரரே, நீங்கள் களைத்துப் போனவர். களைத்தவருக்குத் தோள் கொடுக்காமல் கடந்து சென்ற நாங்கள்தான் அந்தக் கேள்வியை எங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

யா அல்லாஹ்! வலியால் துடிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு நலத்தைத் தருவாயாக! அவர்களின் தாய் தந்தையரின் உள்ளங்களை வலுப்படுத்துவாயாக! அவர்களுக்கு உறக்கத்தையும் நம்பிக்கையையும் அருள்வாயாக! அவர்களின் வாசலைக் கடந்து செல்லாமல் உள்ளே சென்று உதவும் அண்டை வீட்டாராக எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.